‘மாத்திரை ஒத்துக்கல’: இதை எழுதி வைக்க பிளாக்செயின் எதற்கு?

கேள்வி: 8 நவம்பர் 2025, இரவு 9.15

கிண்டியில் கடைசி வருடம் படிக்கிறேன். எங்கள் டீம் ஒரு ஹேக்கத்தானுக்குத் தயாராகிறது. யோசனை இதுதான்: மருந்து சாப்பிட்டு ஏதாவது ஆனால் நோயாளியே போனில் பதிவு செய்வார். அது பிளாக்செயினில், அதாவது பல கணினிகளில் நகல் இருக்கிற, சங்கிலியாகக் கோத்த பதிவேட்டில், ஏறிவிடும். அப்புறம் மருந்துக் கம்பெனியோ ஆஸ்பத்திரியோ அரசாங்கமோ அதை அழிக்கவும் முடியாது, மாற்றவும் முடியாது. பக்க விளைவுகள் வெளியே வராததற்குக் காரணம் யாரோ மறைப்பதுதானே? மறைக்கவே முடியாத இடத்தில் வைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்பது என் வாதம். இந்தத் துறையில் வேலை பார்த்தவர்கள் யாராவது இருந்தால் ஓட்டை எங்கே என்று சொல்லுங்கள்.

8 நவம்பர், இரவு 11.50

ஓட்டை "நோயாளியே பதிவு செய்வார்" என்ற இடத்திலேயே இருக்கிறது. செய்ய மாட்டார்.

நான் ஓஎம்ஆரில் ஒரு கம்பெனியில் வருடக்கணக்கில் இந்த வேலைதான் பார்த்தேன். வெளிநாட்டு மருந்துக் கம்பெனிகளுக்கு வரும் பக்க விளைவு ரிப்போர்ட்களைப் படித்து, கோட் (குறியீட்டு எண்) போட்டு, நடந்ததைக் கோர்வையாக எழுதி மேலே அனுப்ப வேண்டும். இப்போது அதை விட்டுவிட்டு மாலை வேளைகளில் பெரம்பூரில் அண்ணனின் மருந்துக்கடையில் உட்காருகிறேன். ஆபீசில் இருந்தபோது அமெரிக்காவில் ஒரு பாட்டிக்கு மாத்திரை போட்டதும் வாய் கசந்தது என்றால்கூட அதற்கு ஒரு கேஸ் நம்பர் விழும். இங்கே கடைக்கு வருபவர் "இந்த மாத்திரை ஒத்துக்கல" என்பார். டாக்டரிடம் சொல்லுங்கள் என்போம். சொல்வார், டாக்டர் வேறு மாத்திரை எழுதித் தருவார், அந்தச் சீட்டோடு திரும்ப வருவார், எடுத்துக் கொடுப்போம். அவ்வளவுதான். இதில் யாரும் எதையும் மறைக்கவில்லை, அழிக்கவில்லை. எழுதவே இல்லை.

2006-ல் ஹேஸல், ஷகீர் என்ற இருவர் 12 நாடுகளின் 37 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். பதிவாகாமல் போகும் பக்க விளைவுகளின் அளவு, இடைநிலை மதிப்பாக, 94 சதவீதம். அதுவும் ஓரளவு ஒழுங்கான பதிவு முறை இருக்கும் நாடுகளில்.

காலி பீரோவுக்கு கோத்ரேஜ் பூட்டு போடப் பார்க்கிறீர்கள் தம்பி.

9 நவம்பர், காலை 7.30

ராத்திரி எழுதியது கொஞ்சம் காரமாக இருந்தது. விஷயத்துக்கு வருகிறேன். ஹேக்கத்தானில் நடுவர்கள் கேட்பார்களோ இல்லையோ, ஒரு கேஸ் என்றால் என்ன என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நாலு விஷயம் இருந்தால் அது கேஸ். ஒரு நோயாளி (பெயர் வேண்டாம், இன்ஷியலோ வயதோ போதும்). தகவல் சொல்பவர். சந்தேகப்படும் மருந்து. நடந்த பாதிப்பு. இந்த மருந்தால்தான் வந்தது என்று நிரூபிக்க வேண்டியதில்லை, சந்தேகம் போதும். இந்த நாலும் கம்பெனி ஆட்களில் யாராவது ஒருவர் கையில் வந்து சேரும் நாளுக்கு 'டே ஜீரோ' என்று பெயர். மரணம், உயிருக்கு ஆபத்து, ஆஸ்பத்திரி சேர்க்கை, ஊனம், பிறவிக் குறைபாடு இதில் எதுவாவது இருந்தால் அது சீரியஸ் கேஸ். சீரியஸாகவும் எதிர்பாராததாகவும் இருந்தால் 15 நாட்களுக்குள் கட்டுப்பாட்டு அமைப்புக்குப் போயாக வேண்டும். கடிகாரம் டே ஜீரோவிலிருந்து ஓடும், ஞாயிற்றுக்கிழமைக்கு விடுமுறை கிடையாது.

இன்னொன்று. அழிக்க முடியாத பதிவு என்பதை நீங்கள் புதுமையாகச் சொல்கிறீர்கள். எங்கள் ஆட்களுக்கு அது பழைய சோறு. ஒரு கேஸை யாரும் டெலீட் செய்வதில்லை. தவறாக உள்ளே வந்த கேஸ் என்றால் 'நல்லிஃபை' செய்வோம், அதாவது செல்லாது என்று குறிப்போம், ஆனால் அது இருக்கும். யார், எப்போது, எந்தப் பெட்டியை மாற்றினார், பழைய மதிப்பு என்ன என்று எல்லாம் ஆடிட் ட்ரெயிலில் நிற்கும். அமெரிக்காவில் மின்னணுப் பதிவுகளுக்கு இதை விதியாக்கியது 1997-ல். பிளாக்செயினுக்கு வழிகாட்டிய பிட்காயின் கட்டுரை வந்தது 2008-ல்.

9 நவம்பர், மதியம் 1.10

மேலே ஒருவர், "தாலிடோமைடு காலத்தில் பிளாக்செயின் இருந்திருந்தால் அத்தனை குழந்தைகள் தப்பியிருக்கும்" என்று எழுதியிருக்கிறார். அவ்வளவு எளிதாக அதை ஒப்புக்கொள்ள முடியாது.

மேற்கு ஜெர்மனியில் 1957-ல் கடைக்கு வந்த தூக்க மருந்து அது, கர்ப்பிணிகளும் சாப்பிட்டார்கள். 1961 நவம்பரில் திரும்பப் பெற்றார்கள். அதற்குள் உலகெங்கும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் கை கால் குறைபாட்டோடு பிறந்தார்கள். ஹாம்பர்க்கில் லென்ஸ், ஆஸ்திரேலியாவில் மெக்பிரைட் என்ற இரண்டு டாக்டர்கள் தங்கள் கண்முன்னே நடந்ததைச் சேர்த்துப் பார்த்துச் சொன்னார்கள். அப்போது பிரிட்டனில் இப்படிச் சொல்வதற்கென்று ஒரு முகவரிகூடக் கிடையாது. டாக்டர்கள் பக்க விளைவை எழுதி அனுப்பும் பிரிட்டனின் மஞ்சள் அட்டைத் திட்டமே இந்த அடிக்குப் பிறகு 1964-ல் வந்ததுதான்.

அமெரிக்கா தப்பித்த கதையையும் பாருங்கள். 1960 டிசம்பர் 31 அன்று பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் லெஸ்லி ஃப்ளாரன்ஸ் என்ற டாக்டரின் சிறு கடிதம் வந்தது. தாலிடோமைடு சாப்பிட்டவர்களுக்குக் கை கால் மரத்துப்போகிறது, மருந்துதான் காரணமோ என்ற கேள்வி. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவில் அந்த மருந்தின் விண்ணப்பத்தை வைத்திருந்த ஃபிரான்சிஸ் கெல்சி அதைப் படித்தார். கம்பெனியைக் கேள்விமேல் கேள்வி கேட்டு அனுமதியை இழுத்தடித்தார். ஒருவர் எழுதினார், ஒருவர் படித்தார். தொழில்நுட்பம் என்றால் அன்றைக்கு அச்சும் தபாலும்தான்.

ஆனால் இதையும் சொல்லிவிடுகிறேன். நரம்புப் பாதிப்பு பற்றிய தகவல்கள் ஜெர்மன் கம்பெனிக்கு 1959-லிருந்தே வந்துகொண்டிருந்தன. என்றைக்கு முதல் கடிதம் வந்தது என்பது வெளியே யாருக்காவது தெரிந்திருந்தால்? அந்த இடத்தில் மட்டும் மேலே எழுதியவர் சொல்வதில் கொஞ்சம் உயிர் இருக்கிறது. யோசிக்க வேண்டும்.

9 நவம்பர், இரவு 10.05

"அப்போ கம்பெனிகள் எல்லாம் உத்தமர்களா அக்கா?"

நான் அப்படிச் சொன்னேனா?

10 நவம்பர், இரவு 11.20

உத்தமர்கள் விஷயம். 2012-ல் ஐரோப்பிய மருந்து முகமை ஒன்றை அறிவித்தது. பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் ரோஷ் கம்பெனிக்கு இன்ஸ்பெக்‌ஷன் போனபோது, அமெரிக்காவில் நோயாளிகளுக்கு உதவும் திட்டம் ஒன்றின் வழியே சேர்ந்த சுமார் 80,000 ரிப்போர்ட்கள் பக்க விளைவாகப் பரிசீலிக்கப்படாமலே கிடந்தது தெரியவந்தது. அதில் 15,161 மரணங்கள். அவை மருந்தால் நேர்ந்தவையா, நோயால் நேர்ந்தவையா என்று யாரும் பார்க்கவில்லை, அதுதான் குற்றச்சாட்டு.

இதை நன்றாகக் கவனியுங்கள். ஒரு எழுத்துகூட மாற்றப்படவில்லை. எல்லாம் பத்திரமாக இருந்தது. அந்த எண்பதாயிரமும் பிளாக்செயினில் இருந்திருந்தாலும் அப்படியேதான், ஹாஷ் (தரவிலிருந்து கணக்கிட்டு எடுக்கும், கைரேகை மாதிரியான எண்) போட்டு, நேர முத்திரை போட்டு, ஒழுங்காகக் கிடந்திருக்கும்.

நிஜமாகவே மறைத்த கதை வேண்டுமென்றால் வயாக்ஸ் எனும் வலி மாத்திரை. அதைப் பற்றி 2000-ல் வந்த 'விகோர்' என்ற மருந்துச் சோதனையின் கட்டுரையில் மூன்று மாரடைப்புகள் விடுபட்டிருந்தன. கட்டுரையை வெளியிட்ட நியூ இங்கிலாந்து இதழே 2005 டிசம்பரில் கவலை தெரிவித்துக் குறிப்பு போட்டது. மருந்தை அதற்கு முந்தைய வருடமே கம்பெனி திரும்பப் பெற்றுவிட்டது. ஆனால் அது மருந்துச் சோதனையின் தரவு. நீங்கள் கட்டப்போவது மக்கள் தாமாகச் சொல்லும் பதிவுகளுக்கானது. இரண்டையும் ஒரே ஸ்லைடில் போட்டுக் குழப்பாதீர்கள்.

13 நவம்பர், காலை 6.45

தூக்கம் வரவில்லை. இந்த டே ஜீரோ மண்டையில் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

பழைய ஆபீசில் ஒரு பொங்கல் விடுமுறை. பொது மெயில்பாக்ஸில் ஒரு டாக்டரின் கடிதம் வந்து கிடந்தது, சீரியஸ் கேஸ். எங்கள் ஷிஃப்டில் ஆள் குறைவு, யாரும் திறக்கவில்லை. திறந்த பிறகு எழுந்த கேள்வி, நோயாளிக்கு என்ன ஆயிற்று என்பதல்ல. டே ஜீரோ எது? மெயில் வந்த நாளா, திறந்த நாளா? விதி தெளிவாக இருக்கிறது, வந்த நாள்தான். ஆனாலும் அதைச் சுற்றி எத்தனை மீட்டிங், எத்தனை 'அந்த மெயிலில் மருந்தின் பெயர் தெளிவாக இல்லையே' என்ற வியாக்கியானம். கடைசியில் வந்த நாளையேதான் போட்டார்கள். எல்லா இடத்திலும் அப்படிப் போடுவார்கள் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன்.

அதனால் முதல் நாள் சொன்ன பூட்டு விஷயத்தை நான் முழுதாக வாபஸ் வாங்கவில்லை, ஆனால் குறுக்கிக்கொள்கிறேன். பிளாக்செயின் ரிப்போர்ட்டைக் காப்பாற்ற வேண்டாம். தேதியைக் காப்பாற்றட்டும். "இன்ன நாள் இன்ன மணிக்கு நான் சொன்னேன்" என்று நோயாளி கையில் ஒரு ரசீது. தாலுகா ஆபீசில் மனு கொடுத்தால்கூட ஒப்புகைச் சீட்டு கேட்டு வாங்குகிற ஊர் நம்மூர். மருந்துக்கு மட்டும் வாயால் சொல்லிவிட்டு வந்துவிடுகிறோம்.

13 நவம்பர், இரவு 9.40

சுங்குவார்சத்திரத்தில் தயாராகி மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகளைக் கொன்ற இருமல் மருந்தைப் பற்றி யாராவது கேட்பார்கள் என்று எதிர்பார்த்தேன், கேட்டுவிட்டார்கள்.

"சுங்குவார்சத்திரம் விவகாரத்தில் இது உதவியிருக்குமா?" முதலில் அது பக்க விளைவே அல்ல என்று ஒருவர் பதில் போட்டிருக்கிறார். சரிதான். மருந்தில் இருக்கவே கூடாத டைஎத்திலீன் கிளைகால் கலந்திருந்தது. தரக்கேடு, நஞ்சு. ஆனால் அங்கே சிந்த்வாராவில் குழந்தை சிறுநீர் போகவில்லை என்று தூக்கிக்கொண்டு ஓடிய தாய்க்கு இந்த வித்தியாசம் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. அவர் சொல்லக்கூடியது ஒன்றுதான், இந்த சிரப் கொடுத்தேன், இப்படி ஆயிற்று. பதிவு முறை அதை வாங்கிக்கொள்ள வேண்டும், பிரிப்பது உள்ளே இருப்பவர்கள் வேலை.

அந்த விவகாரத்தில் எல்லாம் பேட்ச் நம்பரில் நின்றது. எஸ்ஆர்-13. அக்டோபர் தொடக்கத்தில் மத்தியப் பிரதேசத்திலிருந்து தகவல் வந்ததும் நம்மூர் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை போய் அந்த பேட்சை எடுத்துச் சோதித்தது. 48.6 சதவீதம் என்று வந்தது. அனுமதிக்கப்படும் அளவு 0.1. மொத்தத்தில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் போய்விட்டார்கள்.

சரி, இப்போது கடைக்கு வாருங்கள். பாட்டில் என்றால் பேட்ச் நம்பர் லேபிளில் இருக்கும். மாத்திரை? "நாலு மட்டும் குடுங்க" என்பார்கள். ஸ்ட்ரிப்பைக் கத்தரித்துக் கொடுப்போம். பேட்சும் காலாவதித் தேதியும் அச்சடித்த ஓரம் பெரும்பாலும் கடையிலேயே தங்கிவிடும். பில்லில் பேட்ச் நம்பர் இருக்கும், ஆனால் பில் கேட்பவர் எத்தனை பேர்? ஆபீசிலும் இதே கதைதான். நான் கையாண்ட கேஸ்களில் பேட்ச் பெட்டி காலியாகக் கிடப்பதுதான் வழக்கம். கேட்டுக் கடிதம் போடுவோம், பதில் வராது, 'தெரியவில்லை' என்று மூடுவோம்.

தம்பி, உங்கள் ஆப் ஒரே ஒரு வேலையை நன்றாகச் செய்ய வேண்டுமென்றால் இதைச் செய்யட்டும். பில் போடும்போதே பேட்ச் நம்பர் வாங்குபவரின் போனுக்குப் போய்விட வேண்டும்.

14 நவம்பர், காலை 8.00

க்யூஆர் கோடு இருக்கிறதே என்று மூன்று பேர். இருக்கிறது. 2023 ஆகஸ்ட் 1 முதல் அதிகம் விற்கும் 300 பிராண்டுகளுக்குக் கட்டாயம். ஸ்கேன் செய்தால் மருந்தின் பெயர், தயாரிப்பாளர், பேட்ச், தயாரித்த தேதி, காலாவதி, உரிம எண் எல்லாம் வரும். ஆனால் ஸ்ட்ரிப்பில் இடமில்லை என்றால் வெளி அட்டைப் பெட்டியில் போடலாம் என்றும் விதி சொல்கிறது. பத்து ஸ்ட்ரிப் வரும் பெட்டி எங்கள் அலமாரியில்தான் இருக்கும், உங்கள் வீட்டுக்கு வராது. அப்புறம், கேட்கப்படும் தகவல்களில் ஒவ்வொரு பெட்டிக்கும் தனி வரிசை எண் கிடையாது. ஒரு கோடை நகலெடுத்து ஆயிரம் போலிப் பெட்டியில் ஒட்டினாலும் ஸ்கேன் 'சரி' என்றே காட்டும்.

அமெரிக்காவில் 2013 சட்டப்படி பெட்டிக்குப் பெட்டி தனி எண். மெடிலெட்ஜர் போன்ற பிளாக்செயின் முயற்சிகள் அங்கே எழுந்தது அந்த எண்ணைப் பின்தொடரத்தான். எண்ணே இல்லாத இடத்தில் சங்கிலி எதைக் கோக்கும்?

16 நவம்பர், மாலை 4.30

மழை, கடையில் ஆள் இல்லை. கொஞ்சம் சொந்தக் கதை.

அம்மாவுக்கு பிரஷருக்கு ராமிப்ரில் ஆரம்பித்தார்கள். கொஞ்ச நாளில் வறட்டு இருமல். ஆடாதோடைக் கஷாயம், மிளகு, பனங்கற்கண்டு, எதிர்வீட்டு அக்கா தந்த லேகியம். சளிப் பரிசோதனை, எக்ஸ்ரே, காசநோய் இல்லை என்று வந்தது. ராத்திரியெல்லாம் உட்கார்ந்தபடியே இருப்பார். நான் அப்போது வெளிநாட்டுக் கம்பெனிக்காக 'இருமல்' என்று நாள்தோறும் கோட் போட்டுக்கொண்டிருந்தவள்! வீட்டில் இருமுவது காதில் விழவில்லை என்று தங்கை இன்றுவரை சொல்லிக்காட்டுவாள். அந்த வகை மருந்துகள் தடுக்கும் நொதிதான் பிராடிகைனின் என்ற பொருளையும் உடைக்கிறது. அது உடையாமல் சேர்ந்தால் சிலருக்கு இருமல் வரும். பாடப் புத்தகத்தில் உள்ள விஷயம். டாக்டர் டெல்மிசார்டனுக்கு மாற்றினார், இருமல் சில வாரங்களில் நின்றது.

"இதை ரிப்போர்ட் செய்வீர்களா சார்?" என்று அந்த டாக்டரிடம் கேட்டேன். தெரிந்த பக்க விளைவுதானே, எதற்கு என்றார். அதுகூடப் பரவாயில்லை. வேறொரு தனியார் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் வெளிப்படையாகவே சொன்னார்: "எழுதிக் கொடுத்தா நாளைக்கு என் மேலயே கேஸ் வரும்மா." வராது. படிவத்திலேயே போட்டிருக்கிறது, ரிப்போர்ட் கொடுப்பது யாரும் தவறு செய்ததாக ஒப்புக்கொள்வது ஆகாது, விவரம் ரகசியமாக வைக்கப்படும் என்று. ஆனால் அவர் பயம் நிஜம். அவரிடம் போய் "சார், இது என்றைக்கும் அழியாது" என்று சொல்லிப் பாருங்கள். பேனாவை மூடிப் பைக்குள் வைத்துவிடுவார். உங்கள் விளம்பர வரியில் 'அழியாது' என்ற சொல்லை எடுத்துவிடுங்கள், ஆளை விரட்டும்.

அம்மாவின் இருமலை நானே பதிந்தேன். நோயாளிகளுக்கென்று தமிழிலேயே படிவம் இருக்கிறது. 1800 180 3024, கட்டணமில்லா எண், வேலை நாட்களில் பகலில் எடுப்பார்கள். தெரிந்தது, தெரியாதது, சின்னது, பெரியது எதையும் சொல்லலாம்.

17 நவம்பர், இரவு 10.30

இந்த எண் யாருடையது என்று கேட்டவருக்கு: பிவிபிஐ எனும் இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டம். 2010 ஜூலையில் டெல்லி எய்ம்ஸை மையமாக வைத்து ஆரம்பித்தது, 2011 ஏப்ரலில் காசியாபாத்திலுள்ள இந்தியன் பார்மகோபியா கமிஷனுக்கு மாறியது. மருத்துவக் கல்லூரிகளில் கண்காணிப்பு மையங்கள் இருக்கின்றன. சென்னை மருத்துவக் கல்லூரியிலும் உண்டு. அங்கிருந்து போகும் தரவு ஸ்வீடனில் உப்சாலா மையம் பராமரிக்கும் உலகக் களஞ்சியத்தில் சேரும்.

'அதனால் என்ன ஆயிற்று' என்பவருக்கு: 2023 நவம்பர் 30 அன்று மெஃபனமிக் ஆசிட் பற்றி ஓர் எச்சரிக்கை வந்தது. மாதவிடாய் வலிக்குக் கடையில் அதிகம் போகும் மாத்திரை. பதிவுகளை முதல்கட்டமாக ஆராய்ந்ததில் டிரெஸ் எனும் கடும் ஒவ்வாமை தெரிகிறது, கவனியுங்கள் என்றார்கள். காய்ச்சல், தோல் தடிப்பு, ஈரல் போன்ற உள்ளுறுப்புப் பாதிப்பு எல்லாம் மாத்திரை தொடங்கிச் சில வாரங்கள் கழித்துத்தான் தலைகாட்டும். அதற்குள் எந்தப் பெண் போன மாத வலி மாத்திரையை நினைத்துப் பார்ப்பாள்? யாரோ சிலர் நினைத்துப் பார்த்து எழுதியதால்தான் அது வெளியே வந்தது. எச்சரிக்கை வந்த வாரம் கடையில் ஒரே கலாட்டா, வாட்ஸ்அப்பில் 'தடை செய்துவிட்டார்கள்' என்று கிளப்பிவிட்டார்கள். தடை இல்லை. கவனமாக இருங்கள் என்பதோடு சரி.

19 நவம்பர், இரவு 11.00

ரகசியம் பற்றி. "நோயாளி விவரம் சங்கிலியில் ஏறாது, அதன் ஹாஷ் மட்டும்தான் ஏறும், அதனால் பாதுகாப்பு" என்று உங்கள் டீம் நண்பர் எழுதியிருக்கிறார். எதை ஹாஷ் செய்கிறீர்கள்? இன்ஷியல், வயது, பால், பின்கோடு என்று உங்கள் திட்டப் படம் காட்டுகிறது.

ஆங்கில இன்ஷியல் மூன்று எழுத்து என்றால் 17,576 வகை. வயது நூறு, பால் மூன்று, சென்னைக்கு நூறு பின்கோடு என்று வையுங்கள். மொத்தம் சுமார் 53 கோடி. பெரிய எண் மாதிரி தெரியும், ஒரு சாதாரண லேப்டாப் சில நிமிடங்களில் அத்தனையையும் ஹாஷ் செய்து ஒப்பிட்டுவிடும். 600011-ல் எழுபது வயது அம்மா, இன்ஷியல் இது, அரிய நோய்க்கான மருந்து என்றால் தெருவுக்கே தெரிந்துவிடும். சால்ட், அதாவது ஹாஷ் போடுமுன் சேர்க்கும், யாரும் ஊகிக்க முடியாத ரேண்டமான எண், இல்லாத ஹாஷ் ரகசியமே இல்லை.

2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுச் சட்டம் வேறு இருக்கிறது. தன் தரவைத் திருத்தவும் அழிக்கவும் கேட்கும் உரிமையை அது கொடுக்கிறது. அழிக்க முடியாத இடத்தில் போட்டுவிட்டு அந்த உரிமைக்கு என்ன பதில் சொல்வீர்கள்?

20 நவம்பர், காலை 7.15

பொய் ரிப்போர்ட் பற்றிக் கேட்டவருக்கு ஒரு வரி. போட்டிக் கம்பெனி ஆள் வைத்து ஆயிரம் பொய் ரிப்போர்ட் போட்டால் சங்கிலி அந்தப் பொய்யையும் அதே சிரத்தையோடு காக்கும். உள்ளே வருவது நிஜமா என்று அதற்குத் தெரியாது. ஒரே நோயாளியை டாக்டர், மருந்துக்கடை, மகன், கம்பெனி என நாலு பேர் நாலு விதமாகப் பதிவதையும் அது கண்டுபிடிக்காது. டூப்ளிகேட் பார்ப்பதுதான் எங்கள் வேலையில் பாதி உயிரை வாங்கும்.

23 நவம்பர், மதியம் 2.40

ஞாயிறு. யார் நோடு (பதிவேட்டின் நகலை வைத்திருக்கும் கணினி) நடத்துவது என்ற சண்டை பத்துப் பதினைந்து பதிலுக்கு ஓடியிருக்கிறது. அரசாங்கமும் மருந்துக் கம்பெனிகளும் மட்டும் நோடு வைத்திருந்தால் அது சங்கிலி போட்ட டேட்டாபேஸ், அவ்வளவுதான் என்கிறவர் பக்கம்தான் நான். தமிழ்நாடு அரசு 2020-லேயே பிளாக்செயின் கொள்கை வெளியிட்டது, 'நம்பிக்கை இணையம்' என்ற பெயரில் மேடையும் இருக்கிறது. அதில் ஏற்றலாம். ஆனால் நோயாளிகள் பக்கத்திலிருந்து யாராவது, ஒரு நுகர்வோர் அமைப்போ ஒரு மருத்துவக் கல்லூரியோ, தனி நோடு வைத்திருக்காவிட்டால் எனக்கு அதில் சுவாரஸ்யம் இல்லை.

இதைவிட எளிய வழியும் இருக்கிறது. ஹேபர், ஸ்டார்னெட்டா என்ற இருவர் 1991-லேயே ஆவணங்களுக்கு நேர முத்திரை போடும் முறையை எழுதினார்கள். பிட்காயின் கட்டுரையே அவர்களை மேற்கோள் காட்டுகிறது. 1995-லிருந்து அவர்களுடைய கம்பெனி, வந்த ஹாஷ்களையெல்லாம் சேர்த்துச் சுருக்கி ஒரே ஹாஷாக்கி, வாராவாரம் நியூயார்க் டைம்ஸில் வரி விளம்பரமாகப் போட்டது. செய்தித்தாள் லட்சம் வீட்டுக்குப் போய்விட்டது, இனி யார் மாற்ற முடியும்? தினத்தந்தியில் 'மணமகன் தேவை'க்குக் கீழே அன்றைய பக்க விளைவு ஹாஷ். செலவு ஒரு விளம்பரக் காசு. நடுவர்கள் முன்னால் இதைச் சொன்னால் பரிசு கிடைக்காது, அது வேறு விஷயம்.

23 நவம்பர், இரவு 9.55

சிரிப்புக்குச் சொன்னேன் என்று எடுத்துக்கொண்டார்கள். பாதிதான் சிரிப்பு. எஸ்டோனியா தன் மருத்துவப் பதிவுகளின் நேர்மையைக் காக்கப் பயன்படுத்துவதும் ஹாஷ் கோத்த நேர முத்திரைதான். நோயாளி விவரத்தைச் சங்கிலியில் ஏற்றவில்லை.

27 நவம்பர், இரவு 10.15

கேள்வி கேட்ட தம்பி திட்டத்தை மாற்றி எழுதிப் போட்டிருக்கிறார். நோயாளி ஆப்பைத் தேடிப் போக வேண்டாம், மருந்துக்கடை பில்லோடு ஒரு இணைப்பு போனுக்கு வரும், பேட்ச் நம்பர் அதிலேயே இருக்கும், தமிழில் பேசிப் பதியலாம். பதிந்ததும் ரசீது. ரசீதின் ஹாஷ் மட்டும் சங்கிலியில். இது எவ்வளவோ மேல்.

இரண்டு சேர்க்கை. ஒன்று, போன் இல்லாதவர்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் தன்னார்வலர்கள் வீட்டு வாசலுக்கே வந்து சர்க்கரை, பிரஷர் மாத்திரை கொடுக்கிறார்கள். கொடுக்கும்போது "போன மாத மாத்திரை ஏதாவது பண்ணுச்சாம்மா?" என்று ஒரு கேள்வி சேர்த்தால் போதும். கால் வீக்கம், தலைசுற்றல், இருமல் எல்லாம் கொட்டும். உங்கள் ஆப் அந்தத் தன்னார்வலர் கையில் இருக்கட்டும். இரண்டு, பதிந்தவருக்குப் பதில் போக வேண்டும். 'உங்கள் தகவல் பார்க்கப்பட்டது, இதே மருந்துக்கு இன்னும் சிலர் இப்படிச் சொல்லியிருக்கிறார்கள்' என்று ஒரு செய்தி வந்தால் அடுத்த முறை அவரே தேடி வந்து சொல்வார். அம்மாவின் இருமலைப் பதிந்துவிட்டு நான் எதிர்பார்த்ததும் அதைத்தான்.

28 நவம்பர், காலை 7.05

"சால்ட்டை எங்கே வைப்பது அக்கா? சர்வரில் வைத்தால் சர்வர் ஆள் பார்ப்பானே, போனில் மட்டும் வைத்தால் போன் தொலைந்தால் போச்சே?"

இரண்டு இடத்திலும் வையுங்கள். சர்வரில் நோயாளி விவரத்தோடு சேர்த்து, பூட்டி, யார் திறந்தார் என்ற பதிவோடு. நோயாளியிடம் ரசீதின் க்யூஆருக்குள், அச்செடுத்தும் கொடுக்கலாம், ரேஷன் கார்டோடு வைத்துக்கொள்வார்கள். அவர் அழிக்கச் சொல்லி, சட்டம் அதற்கு இடம் கொடுத்தால், விவரத்தையும் சால்ட்டையும் சர்வரிலிருந்து எடுத்துவிடுங்கள். சங்கிலியில் மிஞ்சும் ஹாஷை வைத்து அவர் யாரென்று வெளியாள் யாரும் கண்டுபிடிக்க முடியாது. ரசீதை வைத்திருந்தால், தான் எந்தத் தேதியில் சொன்னார் என்பதை மட்டும் அவரே காட்டிக்கொள்ளலாம். சால்ட் 128 பிட்டுக்குக் குறைய வேண்டாம், ஒவ்வொரு ரிப்போர்ட்டுக்கும் புதிதாக. ஃபாலோ-அப் வந்தால் அதற்கும் தனி சால்ட், தனி ஹாஷ். பழைய பதிவின் மேல் எழுதாதீர்கள்.